காற்று எந்தப் பக்கம்?

அத்தியாயம் ஏழு

விமான நிலைய நிர்வாகியை எனக்குப் பிடிக்காமல் போக அரை நிமிடம் ஆனது. அத்தானுக்கு அவ்வளவு நேரம்கூடத் தேவைப்படவில்லை. வாசல் மரத்தைப் பார்த்தபோதே முகத்தைச் சுளித்துவிட்டார்.

மரத்துக்கு இடுப்பளவு வெள்ளையடித்திருந்தார்கள். மரத்துக்கு மட்டுமா? பாதையோரக் கற்கள், கொடிக்கம்பத்து மேடை, குழாயடிச் சுவர், ஒரு பழைய கல் உருளை என்று அசையாமல் நின்ற அத்தனைக்கும் வெள்ளை. எங்களை இறக்கிவிட்ட டாக்சிக்காரர், "சீக்கிரம் இறங்குங்க சார், வண்டி நின்னா இதுக்கும் அடிச்சிடுவாங்க" என்றார். ஊழியர்கள் நிர்வாகிக்கு வைத்திருந்த பெயர் சுண்ணாம்பு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

என் அத்தானுக்குத் துப்பறிவது தொழில். அக்காவின் கணவர். எனக்கு அவருடைய தோல் பையைத் தூக்குவதும் அவரைக் கிண்டல் செய்வதும் தொழில். முதல் வேலைக்கு மட்டும்தான் சம்பளம்.

"உக்காருங்க, உக்காருங்க" என்றார் சுண்ணாம்பு. கோட்டின் மேல் பையில் மூன்று பேனாக்கள். ஒன்றால்கூட எழுதிப் பழகியவர் மாதிரி தெரியவில்லை.

மேஜைக்கு முன்னால் மூன்று நாற்காலிகள். மூன்றிலும் புத்தம் புதிய வெள்ளைக் குஷன். உட்கார்ந்தேன். குஷன் சருகை மிதித்தது போல் மொடமொடவென்றது. கொஞ்சம் நகர்ந்தேன், மறுபடி மொடமொட.

"என்ன சார், உள்ளே பழைய பேப்பரா?"

"விசாரணைக் குழு வர்றாங்கல்ல? மூணு பேருக்கும் புதுசாத் தைக்கச் சொன்னேன். என் ஆபீசுல யாரும் வெறும் மரத்துல உக்காரக் கூடாது."

விசாரணை இன்று மூன்றரை மணிக்கு, இதே அறையில். விஷயம் இதுதான். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். காற்று முதுகில் தள்ளினால் ஓடுபாதை போதாது. காற்று எங்கிருந்து வருகிறது என்பதை வானிலை அலுவலகம் மணிக்கு ஒரு தடவை கோபுரத்துக்குத் தொலைபேசியில் சொல்லும். நடுவில் உள்ள நேரத்துக்கெல்லாம் கோபுர அதிகாரிக்கு ஒரே துணை, ஓடுபாதை ஓரத்துக் கம்பத்தில் தொங்கும் காற்றுப்பை. இரு பக்கமும் திறந்த துணிக் குழல் அது. காற்று வரும் திசைக்கு வாயைத் திருப்பிக்கொண்டு வாலை எதிர்த் திசையில் நீட்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மேற்கிலிருந்து காற்று. பத்தே காலுக்கு அது அப்படியே திரும்பிக் கிழக்கிலிருந்து வீசியது. பத்து நாற்பதுக்கு ஒரு பயணி விமானம் வந்தது. கோபுர அதிகாரி மேற்கு நோக்கி இறங்கச் சொன்னார். விமானம் முதுகில் காற்றைச் சுமந்துகொண்டு இறங்கி, ஓடுபாதை முடிந்தும் நிற்காமல், வேலியைப் பிய்த்துக்கொண்டு பள்ளத்தில் மூக்கைக் குத்தியது. பயணிகள் பதினெட்டுப் பேரும் பிழைத்தார்கள். விமானி மட்டும் உள்ளே சிக்கிக்கொண்டார். அவருடைய வலது காலை மருத்துவர்கள் எடுத்துவிட்டார்கள்.

காற்றுப்பை மேற்கைக் காட்டியது, நான் கண்ணால் பார்த்தேன் என்பது கோபுர அதிகாரியின் வாக்குமூலம். அவருடைய மனைவி இன்று காலை எங்கள் வாசலில் வந்து நின்றதால்தான் நாங்கள் இங்கே இருக்கிறோம்.

"எல்லாம் கண்ணு கோளாறுங்க" என்றார் சுண்ணாம்பு. "நானே டாக்டர்கிட்ட அனுப்பி வச்சேன். கண்ணாடி போட்டுட்டார். மனிதாபிமானத்தோட ஒரு கடிதமும் டைப் அடிச்சு வச்சிருக்கேன். 'என் பார்வைக் குறைவால் நேர்ந்தது'ன்னு. நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டார்னா வேலை மட்டும்தான் போகும். ஜெயில் கிடையாது."

"ரொம்பப் பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றேன்.

"எல்லாரும் அதான் சொல்றாங்க" என்றார் அவர். இப்படிப்பட்ட ஆளைக் கிண்டல் செய்வது வீண் உழைப்பு.

அத்தான் ஜன்னல் பக்கம் போய் நின்றார். "செவ்வாய்க்கிழமை காலைல தலைமை அதிகாரி வந்தாராமே?"

சுண்ணாம்பின் முகம் மலர்ந்தது. "ஒம்பது மணிக்கு வந்தார். அரை மணி நேரம் சுத்திப் பாத்துட்டுக் கார்ல கிளம்பிட்டார். அசந்துட்டார் சார்! ஒண்ணு விடல நான். ஜன்னல் திரை புதுசு, கொடி புதுசு, தீ வாளி புதுசு. குப்பைத்தொட்டிக்குக்கூடப் புது மூடி. பதினோரு மணிக்குப் பத்திரிகைக்காரங்க படம் எடுக்க வர்றதா இருந்துச்சு. அதுக்குள்ள இந்த ஆள் விமானத்தைக் கொண்டுபோய் வேலியில விட்டுட்டான்."

ஒரு மனிதனுக்குக் கால் போனதில் இவருக்கு வருத்தம், படம் எடுக்க முடியவில்லை என்பது.

"காற்றுப்பை?" என்றார் அத்தான்.

"என்னது?"

"காற்றுப்பையும் புதுசா?"

சுண்ணாம்பு ஒரு பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், மூடினார். "அது... பழசே நல்லாத்தான் இருந்துச்சு."

வெளியே நடைபாதை பெஞ்சில் கோபுர அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி. அவர் புதுக் கண்ணாடியோடு எதிர்ச்சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையை முறைத்துக்கொண்டிருந்தார்.

"படிக்க முடியுதா?" என்று கேட்டேன்.

"கண்ணாடி போட்டா மங்கலாத் தெரியுது. கழட்டினா நல்லாத் தெரியுது" என்றார் பரிதாபமாக. "போகப் போகப் பழகிடும்னு டாக்டர் சொல்றார்."

"அந்த டாக்டரை முதல்ல யாராவது கண்ணு டாக்டர்கிட்ட காட்டுங்க."

அவர் மனைவி என்னை முறைத்தார். சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை. "மூணு நாளாத் தூங்கல சார் இவர். நான் மாடியில துணி காயப்போட்டா, அதுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு எந்தப் பக்கம் ஆடுது, எந்தப் பக்கம் ஆடுதுன்னு என்னையே கேக்கறார். பதினாறு வருஷமா டவர்ல இருந்தவர். இப்பத் தன் கண்ணையே நம்ப மாட்டேங்கறார்."

"ஒருத்தன் கால் போயிடுச்சும்மா" என்றார் அவர், பலகையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "என் கண்ணு சரின்னா அது ஏன் போச்சு?"

நான் தோல் பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

அத்தான் குனிந்து அவர் தோளில் கை வைத்தார். "நாலு மணி அடிக்கற வரைக்கும் பேனாவைத் தொடாதீங்க. அது போதும்."

மணி ஒன்றே முக்கால்.

காற்றுப்பைக் கம்பம் புல்வெளிக்கு நடுவே இருந்தது. இந்தப் பக்கம் பார்வையாளர் மாடி, அந்தப் பக்கம் கோபுரம். தலைக்கு மேல் பை சுகமாகத் திரும்பித் திரும்பி ஆடிக்கொண்டிருந்தது. வெளுத்துப்போன துணி. இரண்டு ஒட்டு. ஒரு கிழிசல்.

"நல்லாத்தானே சுத்துது அத்தான். சுண்ணாம்பு சொன்னது சரிதான், பழசே நல்லா இருக்கு."

"மாப்ளே, இந்த ஆளு குப்பைத்தொட்டிக்குப் புது மூடி போட்டிருக்கான். ஏர்போர்ட்டுல வந்து இறங்கறவன் முதல்ல பாக்கறது எதை?"

"இதைத்தான்."

"அப்ப இது மட்டும் ஏன் கிழிசலா நிக்குது?"

என் மண்டையில் மெல்ல உறைத்தது. ஊரையே வெளுத்தவன் உச்சியில் கந்தலைத் தொங்கவிட மாட்டான். புதிதாக ஒன்று போட்டிருக்கிறான். போட்டதைப் பிறகு இறக்கியிருக்கிறான்.

அத்தான் விரலை நீட்டினார். பை சுழல்கிற இரும்பு வளையத்தில் அறுத்துவிட்ட கம்பித் துண்டு ஒன்று வெயிலில் பளபளத்தது. துரு ஏறாத புதுக் கம்பி.

"கம்பத்துல படி இல்ல" என்றார் அத்தான். "இதுல ஏறணும்னா ஏணி வேணும். இவ்வளவு உயர ஏணி இங்க யார்கிட்ட இருக்கும்?"

அந்த ஏணி தீயணைப்பு வண்டியின் முதுகில் இருந்தது. தீயணைப்புக் கொட்டகையின் மேஸ்திரி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மலை மாதிரி ஆள். எங்களைக் கண்டதும் அதே இடத்தை மறுபடியும் துடைத்தார்.

"செவ்வாய்க்கிழமை வண்டி பதினோரு நிமிஷம் லேட்டாமே" என்றார் அத்தான். எனக்கே அது புதுச் செய்தி. "விமானி அவ்வளவு நேரம் உள்ளே கிடந்தாராம்."

"எஞ்சின் கிளம்பல."

"அப்படித்தான் எழுதியிருக்கீங்களா?"

மேஸ்திரியின் கை நின்றது.

"அப்படி எழுதச் சொன்னாங்க" என்றார். "நான் எழுதல. மூணு நாளா எழுதச் சொல்றாங்க." கொட்டகைக்குள் போய் ஒரு நோட்டோடு வந்தார். தடித்த விரலால் ஒரு வரியைக் காட்டினார். நான் உரக்கப் படித்தேன். 'பத்து நாற்பத்திரண்டு. வண்டி தயார். ஏணி இல்லை. பத்து ஐம்பத்து மூன்று. ஏணி வந்தது. புறப்பட்டோம்.'

"ஏணி எங்க போச்சு?"

"விமானம் வேலியில மோதின சத்தம் கேட்டு நான் மணியை அடிக்கறேன். நிர்வாகி ஓடி வர்றார். 'ஏணியை எறக்கு, ஏணியை எறக்கு'ன்னு கத்தறார். விமானத்துக்குத்தான்னு நினைச்சு எறக்கினேன். ரெண்டு கூலியாளுங்க தலையில தூக்கி வச்சு, அந்தக் கம்பத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போனார் சார்!" மேஸ்திரி நோட்டைப் பட்டென்று மூடினார். "அந்தப் பைலட் பள்ளத்துக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கார், ஏணி இல்லாம இறங்க முடியாது. இவர் புதுப் பையை எறக்கிப் பழசை மாட்டிக்கிட்டிருக்கார்."

நான் பல அயோக்கியர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் கோபம் வரும். இந்த ஆளிடம் கோபப்படக்கூட அருவருப்பாக இருந்தது.

"புதுப் பை எப்படி இருந்துச்சு?" என்று அத்தான் கேட்டார்.

"வெள்ளைத் துணி. உள்ளே பிரம்பு வச்சு விறைப்பா நிக்கும். காத்தே இல்லேன்னாலும் தொங்காது. 'நல்வரவு'ன்னு சிவப்புல எழுத்து."

"ரெண்டு பக்கமுமா?"

"இல்ல, மாடிப் பக்கம் மட்டும். பை சுத்திடுச்சுன்னா எழுத்து மறைஞ்சிடும்னு கம்பி போட்டுக் கட்டச் சொன்னார். 'படம் எடுத்ததும் அவுத்துடலாம்'னார். கட்டறப்போ மேற்குக் காத்து. அதனால பாக்கறவங்களுக்குச் சரியாத்தான் தெரிஞ்சுது."

பிறகு காற்று திரும்பியது. பை திரும்பவில்லை. கோபுர அதிகாரிக்குத் தெரிந்ததெல்லாம் விறைப்பாக மேற்கைப் பார்த்து நின்ற ஒரு வெள்ளைப் பைதான். எழுதாத பக்கம்தான் அவர் பக்கம். பிறகு அங்கே கந்தலைப் பார்த்தபோது அதையும் தன் கண் கோளாறு என்றே நினைத்திருக்கிறார். ஆக, அந்த மனிதர் கண் அன்றும் சரி, இன்றும் சரி.

"இறக்கின பை எங்க?"

"தையலம்மாகிட்ட குடுத்து எரிக்கச் சொன்னார்."

தையலம்மா விமான இருக்கைகளுக்கு உறை தைப்பவர். பழுதுபார்க்கும் கூடத்தின் மூலையில் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே ஒரு விமானத்தின் எஞ்சினைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எரிச்சாச்சுங்க" என்றார் தலையைத் தூக்காமல்.

மேஸ்திரியின் நோட்டு ஏணியைச் சொல்லும், பையைச் சொல்லாது. அப்படி ஒரு பையே இல்லை என்று சுண்ணாம்பு சாதித்துவிடுவார். மணி இரண்டரை. நடைபாதையில் ஒருவர் பழகாத கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறார்.

அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆணியில் மூன்று பிரம்பு வளையங்கள் தொங்கின. வளையங்களில் நூல்கண்டுகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருந்தன.

"அம்மா, பிரம்பு நல்லா எரியுமே. அதை விட்டுட்டுத் துணியை மட்டும் எரிச்சீங்களா?"

மிஷின் நின்றது. தையலம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நான் எதையாவது சொன்னா என் வேலை போயிடும் சார்."

"பையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். வேற ஒண்ணு சொல்லுங்க போதும். அதுக்கப்புறம் அவசரமா என்ன தைச்சீங்க?"

அந்தம்மா வாயைத் திறந்தார். அதே நேரம் பார்த்துப் பக்கத்து எஞ்சினை முடுக்கினார்கள். கூரைத் தகரமே அதிர்ந்தது. தையலம்மாவின் உதடு அசைவது தெரிந்தது, கை துணி இல்லையே என்று விரிவது தெரிந்தது. அத்தானின் முகத்தில் ஒரு சிரிப்பு படர்வதும் தெரிந்தது. எனக்கு ஓர் எழுத்துக்கூடக் கேட்கவில்லை.

"என்ன அத்தான் சொன்னாங்க?"

"காலைல நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாங்க மாப்ளே."

"நான் இன்னிக்கு நாப்பது கேள்வி கேட்டிருக்கேன்!"

"அதான் கொஞ்சமாக் கேளுன்னு உங்க அக்கா சொல்றா."

மூன்றரை மணிக்கு விசாரணைக் குழு வந்தது. தலைவர் ஒல்லியான மனிதர், பழைய விமானி. அவரும் மற்ற இருவரும் குஷன்களில் உட்கார, அறையே மொடமொடத்தது. கோபுர அதிகாரி கண்ணாடியோடு ஓரமாக நின்றார். டைப் அடித்த கடிதமும் மையூற்றிய பேனாவும் மேஜைமேல் காத்திருந்தன.

மேஸ்திரி தன் நோட்டைப் படித்தார். புதுப் பையையும், கட்டிய கம்பியையும், போன ஏணியையும் சொன்னார். சுண்ணாம்பு சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஐயா, இவர் வண்டி லேட்டானதை மறைக்கக் கதை விடறார். புதுப் பைன்னு ஒண்ணு இருந்ததே கிடையாது. இருந்தா எங்கே? கொண்டுவந்து காட்டச் சொல்லுங்க!"

தலைவர் அத்தானைப் பார்த்தார். "காட்ட முடியுமா?"

"முடியும்" என்றார் அத்தான். "நீங்க மூணு பேரும் கொஞ்சம் எழுந்திரிக்கணும்."

எழுந்தார்கள். அத்தான் கையை நீட்ட, நான் தோல் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்துக் கொடுத்தேன். காலையில் நான் கேட்ட கேள்வி அப்போதுதான் நினைவுக்கு வந்தது: உள்ளே பழைய பேப்பரா? மூன்று குஷன்களின் ஓரத்தையும் பிரித்து, உறைகளை உருவி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மேஜைமேல் பரப்பினார் அத்தான். மொடமொடத்தது காய்ந்த சிவப்புப் பெயின்ட், முழ நீள எழுத்துகள். முதல் உறையில் 'நல்'. அடுத்ததில் 'வர'. தலைவர் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததில் 'வு'.

முதலில் கத்தியவர் சுண்ணாம்பு.

"இதை எரிக்கச் சொன்னேனே!"

"எதை?" என்றார் தலைவர் மிக அமைதியாக.

தன் சுவர்களைப் போலவே சுண்ணாம்பும் வெளுத்துப்போனார்.

"எரிக்கவும் சொன்னார், குஷன் தைக்கவும் சொன்னார்" என்றார் அத்தான். "ஆனா குஷனுக்குத் துணி குடுக்கல. 'எங்கேயாவது புடிச்சுத் தைச்சுப் போடு'ன்னு சொல்லியிருக்கார். நல்ல துணியை எரிக்க ஒரு தையல்காரிக்கு எப்படி மனசு வரும்? எழுத்தைப் பாருங்க சார். பையில ஒரு பக்கம் மட்டும்தான் எழுதியிருந்தது. சுத்தற பையில எவனும் ஒரு பக்கம் மட்டும் எழுத மாட்டான். சுத்தாதுன்னு தெரிஞ்சவன்தான் எழுதுவான்."

"ஏன் கட்டினீங்க?" என்றார் தலைவர்.

"மாடியிலேருந்து படிக்கத் தெரியணுமில்லீங்களா..." சுண்ணாம்பு மென்று விழுங்கினார். "படத்துல நேரா விழணும் சார்."

"ஏணி?"

சுண்ணாம்பு ஒரு பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். தலைவர் அவரைப் பார்த்தார். காலில் ஒட்டிய எதையோ பார்ப்பது போல இருந்தது. பிறகு டைப் அடித்த கடிதத்தை எடுத்து அவர் பக்கமே தள்ளினார். "இதை வச்சுக்கோங்க. பேரை மாத்தி அடிச்சுக்கலாம்."

கோபுர அதிகாரி எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் ஜன்னலருகே போயிருந்தார். தூரத்தில் அந்தக் கந்தல் பை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கிழக்கு" என்றார் தனக்குத்தானே. "கொஞ்சம் தெக்கே சாஞ்சு. எட்டு மைல் வேகம்."

சுவர்க் கடிகாரம் நான்கு அடித்தது. மேஜைத் தொலைபேசி மணியடித்தது. வானிலை அலுவலகத்தின் மணிக்கொரு அழைப்பு. நிர்வாகிக்கும் ஒரு தடவை சொல்ல வேண்டும் என்பது சுண்ணாம்பு போட்ட உத்தரவாம். தலைவரே எடுத்தார். கேட்டார். வைத்தார்.

"கிழக்கு, தெற்கே சாய்வு" என்றார். அவர் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "ஆனா ஒம்பது மைல்னு சொல்றாங்க."

கோபுர அதிகாரி சட்டென்று திரும்பினார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முதுகு நிமிர்ந்திருந்தது.

"எட்டுதான் சார்" என்றார் அதட்டலாக. "அவங்க கருவியை முதல்ல சரிபாக்கச் சொல்லுங்க."

வாசலில் நின்றிருந்த அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். கோபுர அதிகாரி கழற்றிய கண்ணாடியை நான் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பு முதற்கொண்டு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. சுண்ணாம்பைப் பொறுத்தவரை அது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.